நேர்ந்து வைத்த கால்

ஓக்லாந்து, 1999 ஆடி

1

இந்த ஊரில் வெறுங்காலோடு நடப்பவர்கள் வசதியானவர்கள். நான் சொன்னால் மன்னாரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். சுப்பர்மார்க்கெட்டுக்குள்ளும் பாங்குக்குள்ளும் செருப்பில்லாமல் சர்வசாதாரணமாக நுழைவார்கள். வந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து, பாவம், செருப்பு வாங்க வழியில்லையாக்கும் என்று மனம் இரங்கி நின்றேன். அவள் போய் ஏறிய காரைப் பார்த்த பிறகு அந்த இரக்கத்தை எனக்கே திருப்பி எடுத்துக்கொண்டேன்.

என் மகள் டிலானி இந்தப் பழக்கத்தை முதல் வருஷமே பிடித்துக்கொண்டாள். நாங்கள் இருப்பது த்ரீ கிங்ஸில், ஒரு வாடகை வீட்டில். தெருமுனையில் ஒரு டெய்ரி இருக்கிறது. டெய்ரி என்றால் மாட்டுப்பண்ணை என்று நினைக்காதீர்கள். பாலும் பாணும் பேப்பரும் விற்கிற மூலைக்கடைக்கு இங்கே அதுதான் பெயர். பாண் வாங்கி வா என்று அனுப்பினால் அவள் வெறுங்காலோடு இறங்கிப் போவாள்.

"செருப்பைப் போட்டுக்கொண்டு போ பிள்ளை. சனம் எங்களை என்னெண்டு நினைக்கும்?"

"எந்தச் சனம், மம்?"

இதை அவள் ஆங்கிலத்தில்தான் கேட்டாள். நான் தமிழில் கதைப்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். எங்கள் வீட்டு நடைமுறை அது. இனி அவள் பேச்சை எல்லாம் நானே தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

அப்படித் திரிந்த பிள்ளைதான், போன வருஷம் எங்கள் மன்னார் மடுக்கோயில் மாதாவின் சொரூபத்துக்குப் பின்னால் வெறுங்காலோடு நடக்கமாட்டேன் என்று சொன்னாள். நேற்று இந்த வருஷத்து ஆடித் திருவிழா அறிவித்தலைக் கோயிலில் இருந்து கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஒட்டிய நேரத்தில் இருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையல் செய்தாலும் கண் அதிலேயே போய் நிற்கிறது. எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

2

நேர்த்தி பழையது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் இருந்து வள்ளத்தில் ராமேஸ்வரம் போனவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். டிலானிக்கு அப்போது ஆறு வயது. அங்கே அகதி முகாமில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போகவில்லை. வாயில் ஊற்றிய தண்ணீர் கடைவாயால் வழிந்த ஒரு மத்தியானம், அவளுடைய இரண்டு பாதங்களையும் கையில் பிடித்துக்கொண்டு நேர்ந்தேன். "மடுத் தாயே, பிள்ளையைத் தா. உன்ர சொரூபச் சுற்றுக்கு அவளை வெறுங்காலோடை நடத்துவன்."

காய்ச்சல் விட்டது. ஆனால் மடுவுக்குப் போகிற பாதையைச் சண்டை விடவில்லை. அங்கே திரும்பிப் போக முடியாமல், என் கணவர் அன்ரனின் தமையன் ஹென்டர்சனில் இருந்து அனுப்பிய கடுதாசிகளைப் பிடித்துக்கொண்டு, உலகத்தின் தென்கோடியில் இருக்கிற இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தோம். விசா அலுவலகத்தில் என்னென்னவோ கேட்டார்கள். மார்பு எக்ஸ்ரே கேட்டார்கள், பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், எங்கள் பிறப்பைப் பதிந்து வைத்த கோயில் எரிந்ததற்கும் அத்தாட்சி கேட்டார்கள். அரைகுறையாய் நிற்கிற நேர்த்தி ஏதும் உண்டா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

என் அக்கா இப்போதும் மடுக்கோயில் காணியில்தான் அகதியாகக் கொட்டில் போட்டு இருக்கிறா. கோயிலை விட்டு வெளியே வர அவவால் முடியாது. கோயிலுக்குப் போக என்னால் முடியாது. அதை யோசிக்கத் தொடங்கினால் என் கையில் எந்த வேலையும் ஓடாது.

பிறகு இங்கேயே எங்கள் சனம் கூடி, ஆடித் திருவிழாவைக் கொண்டாடத் தொடங்கியது. ஒரு கோயிலைக் கேட்டு வாங்கித் தமிழ்ப் பூசை வைப்போம். பூசை முடிய கார் தரிப்பிடத்தைச் சுற்றிச் சொரூபம் வரும். மடுவில் நேர்ந்ததை ஓக்லாந்துக் கார் தரிப்பிடத்தில் தீர்க்கலாமா என்று பாதரிடம் கேட்டேன்.

"மாதாவுக்கு விசா தேவையில்லைத்தானே, பிள்ளை," என்றார்.

அப்படியும் வருஷத்துக்கு ஒரு சாட்டு வந்தது. ஒரு வருஷம் சளி, ஒரு வருஷம் பள்ளிக்கூடச் சோதனை, ஒரு வருஷம் பெருமழை. போன வருஷம் கோல்ஃப் வந்தது.

3

எங்கள் மூலைக்கடையை நடத்துவது கொரியாக்காரி மிஸிஸ் கிம். அவவின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே வகுப்பில் பெயிலானவை. அதனால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போகும். அவவின் மகள் சுமியும் டிலானியும் ஒரே பள்ளிக்கூடம். சுமி கோல்ஃப் விளையாடுவாள். பந்து பொறுக்கக் கூடப்போன என் மகள், ஒரு நாள் சுமியின் மட்டையை வாங்கி அடித்துப் பார்த்திருக்கிறாள். பந்து போன தூரத்தைப் பார்த்துவிட்டு, அங்கே பிள்ளைகளைப் பழக்குகிற ஒரு மனுசி, இந்தப் பிள்ளை யார் என்று விசாரித்திருக்கிறா.

நான் கோல்ஃப் என்றால் கவர்ணர்மாரும் தேயிலைத் தோட்டத் துரைமாரும் விளையாடுவது என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே யாரும் விளையாடுகிற பொதுத்திடல் இருக்கிறது. குழாய் திருத்துகிறவர் விளையாடுகிறார், என் வேலையிடத்துச் சமையற்காரர் விளையாடுகிறார். விளையாட்டும் விளங்காத ஒன்றல்ல. பந்தைக் குழியில் விழுத்த எத்தனை அடி எடுத்தாய் என்று எண்ணுவார்கள். குறைய எடுத்தவர் வென்றவர்.

எனக்குப் பிடிக்காத ஒன்று வெயில். பிள்ளை கறுத்துப் போனாள். அதிலும் சொக்ஸ் போடுகிற இடத்தில் கோடு விழுந்து, கணுக்காலுக்கு மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். "உன்னை ஒருத்தன் கலியாணம் கட்டேக்க ரெண்டு பேரின்ர காலெண்டு நினைப்பான்," என்று நான் பேசுவேன். "அப்ப அவன் கோல்ஃப் விளையாடாதவன்," என்பாள்.

பிடித்த ஒன்று சப்பாத்து. ஒருவழியாகப் பிள்ளை காலில் எதையோ மாட்டுகிறாள் என்ற சந்தோசத்தில், பழைய சாமான் கடையில் அடியில் முள் வைத்த ஒரு சோடி வாங்கிக் கொடுத்தேன். மிஸிஸ் கிம் அதை அமத்திப் பார்த்துவிட்டு, "சின்னது," என்றா. "போடப் போட இளகும்," என்று நான் சொன்னேன். தோல் நல்ல தோலாக இருந்தது.

4

ஆனி கடைசியில், அந்தத் திடல் மனுசி எனக்கு ரெலிபோன் எடுத்தா. அவவின் பெயர் ஜூடி. ஓக்லாந்துச் சிறுமியர் அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் போட்டிக்கு டிலானியின் பெயரைச் சேர்த்திருப்பதாகவும், ஞாயிறு காலை பக்குரங்காப் பக்கத்தில் ஒரு திடலுக்கு வரவேண்டும் என்றும் சொன்னா. அந்த ஞாயிறுதான் எங்கள் திருவிழா. உண்மையில் திருவிழா அதற்கு முந்தின கிழமை. கோயில் எங்களுக்குக் கிடைக்காததால் தள்ளி வைத்திருந்தார்கள்.

நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். ஞாயிற்றுக்கிழமை என் மகள் மேரிக்காக நடக்க வேண்டும், அது வாக்கு, மாற்ற ஏலாது என்றேன்.

ஜூடி அன்பான மனுசி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேரிக்கு வேற நாள் வசதிப்படாதா? வேணுமெண்டா நான் மேரியின்ர அம்மாவோட கதைக்கட்டா?" என்று கேட்டா.

ரெலிபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் டிலானி சுவரில் சாய்ந்து நிற்கிறாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"நான் நடக்கமாட்டன்," என்றாள்.

"ஏன், வெறுங்கால் உனக்குப் புதுசோ? பாண் வாங்கப் போகேக்க நடக்கிறாய்."

"அது நானாப் போறது."

5

அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை காலை, பாண் வாங்க நானே டெய்ரிக்குப் போனேன். எனக்கு எட்டு மணிக்கு வேலை. முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில். பள்ளி விடுமுறை என்பதால் டிலானி விடியவே டெய்ரிக்குப் போயிருந்தாள். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. மிஸிஸ் கிம் காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ரிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் பால் கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்தார்கள். பேப்பர் வாங்க வந்த பஸ் டிரைவர், பஸ்ஸை மறந்து நின்றார்.

அமெரிக்க மகளிர் ஓப்பன் என்று டிலானி சொன்னாள். கோல்ஃபைத் தொழிலாக விளையாடுகிற பெண்களுக்கு இதைவிடப் பெரிய போட்டி இல்லையாம். நாலு நாள் விளையாடியும் இரண்டு பேர் சமமாக நிற்க, ஐந்தாம் நாளும் முழுவதும் விளையாடுகிறார்கள். ஒருத்தி கொரியாவில் இருந்து போன பிள்ளை, இருபது வயது. மற்றவளும் அதே வயது, இன்னும் கல்லூரியில் படிக்கிறவள். கடைசிக் குழி வந்துவிட்டது, இப்போதும் சமம்.

கொரியாப் பிள்ளை அடித்த பந்து சரிவில் உருண்டு, குளத்தோரப் புல்லுக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். மேலே ஏறி நின்று பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழட்டினாள். சொக்ஸையும் உரித்து எடுத்தாள்.

அவளுடைய கால் முழங்காலில் இருந்து கணுக்கால் வரை வெயிலில் எங்கள் நிறத்துக்கு வந்திருந்தது. அதற்குக் கீழே பாதம் மட்டும் சோறு மாதிரி வெள்ளை. என் மகளின் அதே கோடு. அந்தப் பாதத்தோடு அவள் தண்ணீருக்குள் இறங்கினாள்.

எனக்கு வாயில் வந்துவிட்டது. "ஐயோ, இந்தப் பிள்ளையை ஆர் நேர்ந்து வைச்சது?"

டிலானி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள். சுமி விடவில்லை, உன் அம்மா என்ன சொன்னா என்று நச்சரித்து வாங்கி, தன் தாய்க்குக் கொரியனில் சொன்னாள். மிஸிஸ் கிம் ரிவியைப் பார்த்தபடியே எனக்குப் பதில் சொன்னா.

"ஒருத்தரும் சொல்லேல்லை. பந்தை எடுத்து வெளியில வைச்சு அடிக்கலாம், அதுக்கு ஒரு அடி தண்டம். சட்டம் விடுது. அவள் விருப்பம், இறங்கிட்டாள்."

"தாய் தகப்பன் சொல்லியிருப்பினம்."

"தாய் தகப்பன், பாக்கிற சனத்தோட கயித்துக்கு அந்தப் பக்கம். தண்ணிக்குள்ள அவள் மட்டும்தான்."

அவள் அடித்தாள். பந்து முன்னால் பெரிதாகப் போகவில்லை. ஆனால் தண்ணீரை விட்டு வெளியே நல்ல புல்லில் வந்து விழுந்தது. அதுவே போதுமாக இருந்தது. அந்தக் குழியிலும் சமம். இன்னும் இரண்டு குழி விளையாடி, தூரத்தில் இருந்து உருட்டிய ஒரு பந்து விழ, கொரியாப் பிள்ளை வென்றுவிட்டாள். மிஸிஸ் கிம் அழுதா. இங்கே ஆடி நடுக்குளிர்காலம், அந்தக் குளிருக்குள் கடையில் நின்ற எல்லோருக்கும் ஐஸ்கிரீம் எடுத்துக் கொடுத்தா. பஸ் டிரைவரும் நக்கிக்கொண்டே ஓடினார்.

நான் வேலைக்குப் பிந்திப் போனேன். அன்று முழுவதும் கிழவர்களின் சொக்ஸைச் சோடி சேர்க்க என்னால் முடியவில்லை. கொரியாப் பிள்ளையின் பாதம் கண்ணுக்குள் நின்றது. அந்தப் பிள்ளையை யாரும் பிடித்து இறக்கவில்லை என்பதையே திரும்பத் திரும்ப நினைத்தேன்.

6

சனி பின்னேரம் வீட்டில் சண்டை. அதை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. நான் முகாமையும் காய்ச்சலையும் சொன்னேன். நீ உயிரோடு நிற்பதே மாதா போட்ட பிச்சை என்றேன். டிலானி அழாமல் கேட்டாள்.

"எனக்கு ஆறு வயசு, மம். என்னட்டை ஆராவது கேட்டவையா?"

"சாகக் கிடந்த பிள்ளையிட்டை என்னெண்டு கேக்கிறது?"

"அப்ப உங்கட காலை நேர்ந்திருக்கலாமே. இது என்ர கால்."

என் கை ஓங்கிவிட்டது. அன்ரன் பேப்பருக்குப் பின்னால் இருந்து, "இஞ்சேரும்," என்று என்னை நிறுத்தினார். அந்த ஒரு சொல்லைத்தான் அவர் அன்று முழுவதும் பேசினார். கை இறங்கிவிட்டது. உண்மையில், என் காலை நேர வேண்டும் என்று எனக்கு அந்த மத்தியானம் தோன்றவே இல்லை. பிள்ளைகளுக்காக நேருகிறபோது நாங்கள் பிள்ளையின் முடியை நேருவோம், பிள்ளையின் காதை நேருவோம், பிள்ளையைத் தூக்கிக் கோயிலுக்கே கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்குவோம். அவர்களின் உடம்பு எங்களுடையது என்பதில் எங்கள் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

ஸ்திரிக்கைப் பெட்டியை எடுத்தேன். கோபம் வந்தால் எனக்கு எதையாவது மினுக்க வேண்டும். திருவிழாவுக்குத் தைத்த வெள்ளைச் சட்டையை மினுக்கினேன். முடிந்தும் கை அடங்காமல், கொடியில் கிடந்த அவளுடைய கோல்ஃப் காற்சட்டையையும் எடுத்து மினுக்கினேன். இரண்டையும் அவளுடைய கதிரையில் பக்கம் பக்கமாகப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன்.

காலையில் எழும்பிப் பார்க்க, வெள்ளைச் சட்டை கதிரையில் கிடந்தது. அன்ரனும் அவளும் காரில் போய்விட்டார்கள்.

7

நான் பஸ்ஸில் கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து சொரூபத்தை வெளியே தூக்கினார்கள். மெல்லிய மழை. ஒலிபெருக்கியைக் குறைத்து வைக்க வேண்டும் என்று கோயில் அலுவலகம் போட்ட நிபந்தனையால், செபமாலை பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்டது. நான் என் சப்பாத்தைக் கழட்டி, சொக்ஸை அதற்குள் திணித்து, சுவரோரம் வைத்தேன்.

தார் குளிர்ந்து கிடந்தது. முதலில் சுள்ளென்று ஏறியது, பிறகு கால் மரத்துவிட்டது, பிறகு சின்னச் சின்னக் கற்கள் மட்டும் தெரிந்தன. என் வேலையிடத்துத் தமிழ்நாட்டு நர்ஸ் ஒருத்தி குடையோடு பக்கத்தில் வந்தாள்.

"ஏங்க, பொண்ணு வரலியா?"

"வரேல்லை."

"உடம்புக்கு ஏதும்?"

"இல்லை. அவளுக்கு வேற வேலை."

சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காகவும் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். நேர்ந்தது ஒருத்தியின் காலை, நடப்பது இன்னொருத்தியின் கால். இதை ஏற்றுக்கொள்ளு என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. சுற்று முடியும்வரை ஒன்றும் கேட்காமல் நடந்தேன்.

அவர்கள் பின்னேரம்தான் வந்தார்கள். டிலானி சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, குதி நிலத்தில் படாமல் நொண்டி நொண்டி உள்ளே வந்தாள்.

"அணிக்கு எடுபடேல்லை," என்றாள். "கடைசிக் குழியில கிட்டத்து அடியொண்டு தவறிப்போச்சு. ஒரு அடி கூடிப்போச்சு."

மாதாவின் தண்டனையாக்கும் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"மம், அடி தவறினது. அவ்வளவுதான். வேற ஒண்டுமில்லை."

அன்ரன் குசினிக்குள் என்னைக் கூப்பிட்டு, கேத்தலில் தண்ணீர் வைத்தபடி, தணிந்த குரலில் சொன்னார்.

"சப்பாத்து கடிச்சுக் குதிக்கால் உரிஞ்சு இரத்தம். விடு பிள்ளை, காணும் எண்டன். கேக்கேல்லை. ரெண்டையும் கழட்டி எறிஞ்சு போட்டு, மிச்சக் குழியெல்லாம் ஈரப் புல்லில வெறுங்காலோடை நடந்தே விளையாடினவள். அந்த ஜூடி மனுசி ஓடி வந்தா, பிறகு அவவே சிரிச்சா. செவ்வாய்க்கிழமை ரிவி எல்லாரும் பாத்தனாங்கள், சட்டத்தில சப்பாத்தெண்டு இல்லை, விளையாடு எண்டா."

"எத்தினை மணிக்கு?"

"பதினொண்டு, பதினொண்டரை."

சொரூபம் வெளியே வந்த நேரம்.

எங்களிடம் பெரிய பேசின் ஒன்றுதான் இருந்தது. அதில் சுடுதண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டுக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். அவள் காலை உள்ளே விட்டாள். என் காலைக் குனிந்து பார்த்தாள். பாத ஓரமெல்லாம் கல் கிழித்த கோடுகள்.

"நீங்க நடந்தீங்களா?"

"ஓம்."

அவள் தள்ளி இருந்து இடம் விட்டாள். நானும் காலை விட்டேன். உப்பு எரிந்தது. அவளுடைய இரண்டு நிறக் காலும் என் வெடித்த காலும் ஒரே தண்ணீருக்குள் கிடந்தன. மேசையில் மடுமாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியதுதான் தாமதம்.

"வேண்டாம், மம்."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"உங்கட முகம் சொல்லுது. அதை அவவுக்குக் குடுக்க ஏலாது. குதிக்கால் நொந்தது, கழட்டினன். விளையாட விருப்பம், நடந்தன். நேர்த்திக்கு நடக்கேல்லை. அது என்ர நடை."

எட்டு வருஷம் தூக்கித் திரிந்த பாரம். ஒரு வசனம் போதும், இறக்கி வைத்துவிடலாம். பிள்ளை நடந்துவிட்டாள் தாயே, உன் நேரத்துக்கே நடந்துவிட்டாள். அந்த வசனம் நாக்கின் நுனியில் வந்து நின்றது. நான் அதை விழுங்கினேன். ஏன் விழுங்கினேன் என்று கேட்டால் இன்றைக்கும் ஒழுங்கான விளக்கம் என்னிடம் இல்லை. அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். தண்ணீர் ஆறும்வரை இரண்டு பேரும் காலை எடுக்கவில்லை.

8

அந்தச் சப்பாத்தை நான் வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்ரன் புதிதாக, அளவாக ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் மறுபடியும் தெரிவுப் போட்டி இருக்கிறது. நேர்த்தி தீர்ந்ததா இல்லையா என்று நான் பாதரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது இதமாகச் சொல்லுவார். அது எனக்கு உதவாது. சில காலைகளில் தீர்ந்துவிட்டது போல இருக்கும். மடுப்பக்கம் சண்டை என்று செய்தி வருகிற நாளில், தீரவே இல்லை என்று எழும்பி எழும்பி நடப்பேன்.

நேற்று அவள் பால் எடுக்க வந்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றாள். நான் வெங்காயத்தை வெட்டிக்கொண்டு நின்றேன்.

"இந்த முறை வாறன்," என்றாள். "சப்பாத்தோடை."

"சரி."

"நீங்க?"

"நான் கழட்டிப்போட்டுத்தான்."

அவள் கோல்ஃப் பையைத் திறந்து, பக்கப் பையில் இருந்து குதிக்காலுக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் பெட்டியை எடுத்தாள். அதைக் கொண்டுபோய், கதவில் தொங்கிய என் கைப்பைக்குள் வைத்துவிட்டு, வெறுங்காலோடு பாண் வாங்கப் போனாள். நான் செருப்பைப் போடச் சொல்லவில்லை.